பன்னிரண்டாவது கை

'தடால்!'

கரும்பலகை சுவரிலிருந்து விழுந்த சத்தம் பூலாங்கண்டிகை முழுவதற்கும் கேட்டிருக்கும். ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. ஸ்டூலின்மேல் சுத்தியலோடு நின்றிருந்த தாட்சாயணி டீச்சர் தடுமாறி, ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

போன வருஷம் தண்ணீர்ப் பானை உடைந்தபோது பன்னிரண்டு பிள்ளைகளும் ஓடி வந்து, ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு அரை மணி நேரம் சண்டை பிடித்தார்கள். இப்போது கரும்பலகையே விழுந்திருக்கிறது. ஏனென்று கேட்க ஆள் இல்லை.

சுண்ணாம்புத் தூசி அடங்கியது. டீச்சர் மெல்லக் கீழே இறங்கினாள். அப்போதுதான் ஜன்னலில் ஒரு சின்னத் தலை முளைத்தது.

"டீச்சர், உயிரோடதான் கீறீங்களா?"

"கீறேன். உள்ள வா ரூபா."

"மேல வுழுந்துச்சா?"

"இல்ல."

"வுழுந்திருந்தா லீவு வுட்டிருப்பாங்க, இல்ல?"

சொன்னவளுக்கு வயது ஏழு. மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். காலனியில் கன்னையா, பொன்னியம்மா தம்பதியின் ஒரே பெண். பின்னல் இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தாள். உடம்பில் ரோஸ் நிறத்தில் ஒரு புதுக் கவுன்.

டீச்சருக்கு நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது. இந்த அறைக்குள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அன்று ஜூன் பதிமூன்று. கோடை விடுமுறை முடிந்து ஆந்திரா முழுக்கப் பள்ளிகள் திறக்கிற நாள். நாகலாபுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிற இந்த ஊரில் ஒரே ஒரு தமிழ்ப் பள்ளி. ஒரே அறை. ஒரே டீச்சர். பதினோரு வருஷமாகத் தாட்சாயணிதான்.

மூன்று நாட்களாக அவள் தன்னந்தனியாக அறையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மண்டல ஆபீசில் கொடுத்த படங்கள் எல்லாம் தெலுங்கில் இருந்ததால், ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்த் தமிழ்ப் படங்கள் வாங்கி வந்து மாட்டினாள். மைதா பசை காய்ச்சி, வண்ணக் காகிதத்தை முக்கோணமாக வெட்டிச் சணலில் ஒட்டி, மூலைக்கு மூலை தோரணம் கட்டினாள். துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தாள். சோடா மூடிகளைக் கழுவி டப்பாவில் போட்டாள். உட்காரக் கோணிப்பையை நீளமாகத் தைத்து இரண்டு வரிசை விரித்தாள். எல்லாம் ஆகிவிட்டது. பிள்ளைகள் மட்டும்தான் பாக்கி.

பதிவேட்டில் பன்னிரண்டு பெயர்கள். ரூபாவைத் தவிர அதில் ஏழு பேர் காலனிப் பிள்ளைகள். ஜனவரியில் பெற்றோரோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போனவர்கள். மழை ஆரம்பித்தால் சூளை நின்றுவிடும். ஜூனில் டிராக்டர் நிறையத் திரும்பி வருவார்கள். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் மேஸ்திரி அவர்களைச் சூளையிலிருந்தே நேராக மெட்ராசுக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே வேளச்சேரி பக்கம் ஏரி ஓரமெல்லாம் அடுக்குமாடி எழும்புகிறதாம். மழை, வெயில் எதுவானாலும் வேலை நிற்காதாம்.

மீதி நாலு பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் எங்கேயும் போகவில்லை. இதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனால்...

'பாம்... பாம்...'

வந்துவிட்டது, நாகலாபுரம் கான்வென்ட்டின் மஞ்சள் வேன். பள்ளிக்கு எதிரே திரும்பும்போது ஹாரனை விடாமல் அடிக்கும். கழுத்தில் டையோடு நாலு பேர் உள்ளே. டி.சி. கூட வாங்காமல், போன மாதமே அங்கே சேர்ந்துவிட்டார்கள். ஜன்னல் வழியே ஒரு கை வெளியே நீண்டு ஆடியது. வீராசாமி வீட்டுப் பத்மாவதி. வளையல் குலுங்க, வேன் புளியமரத்தடி தாண்டும்வரை ஆட்டிக்கொண்டே போனாள்.

"பத்மா டாட்டா காமிச்சா டீச்சர்!" என்றாள் ரூபா.

"பார்த்தேன்."

"நீங்க காமிக்கல?"

டீச்சர் கரும்பலகையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். ஒரு மூலை நெளிந்திருந்தது. பரவாயில்லை, எழுதலாம்.

பன்னிரண்டில் பதினொன்று போக ஒன்று. அந்த ஒன்றும் இங்கே இருந்ததற்குக் காரணம் ஒரு முறிந்த கை. ஜனவரியில் சூளைக்குப் போகிற டிராக்டரில் ஏறும்போது ரூபா கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டாள். புத்தூருக்குத் தூக்கிப்போய் கட்டுப் போட்டார்கள். கன்னையா மட்டும் சூளைக்குப் போக, மகளோடு பொன்னியம்மா ஊரில் தங்கிவிட்டாள். கை நன்றாகக் கூடிவிட்டது. விளையாட்டுப் புத்தியில் இவளே பத்தாம் நாள் விரல் கட்டைப் பிரித்துப் போட்டதால், வலது சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்து நின்றுவிட்டது.

ஒன்பது மணி பஸ் கண்டக்டர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மண்டலக் கல்வி அதிகாரி கோவர்த்தனன் எழுதியது. 'காலையில் வர முடியாது. பிற்பகல் மூன்றரைக்கு மேல் வருகிறேன். சுவரில் கைகளை எண்ணிவிட்டுப் போகிறேன்.'

படித்ததும் டீச்சர் சுண்ணாம்பு அடித்த சுவரை ஒருமுறை பார்த்தாள்.

கை எண்ணுவது என்பது இந்தப் பள்ளியின் பழக்கம். காலனியில் கங்கம்மா ஜாத்திரைக்கு முதல் நாள், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் மஞ்சளில் கை முக்கிக் கோயில் சுவரில் வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் டீச்சருக்கு இந்த யோசனை வந்தது. ஒவ்வொரு ஜூனிலும் சுண்ணாம்பு அடித்த சுவரில், பிள்ளைகள் காவியில் கை முக்கி வரிசையாக வைக்க வேண்டும். கீழே அவரவர் பெயர். முதல் வருஷம் பெரிய வீட்டுக்காரர்கள் சிலர், காலனிப் பிள்ளைகளின் கைகளைத் தனி வரிசையாக வைக்கச் சொன்னார்கள். உயரப்படி வைக்கிறேன் என்று சொல்லி டீச்சர் கலந்து வைத்துவிட்டாள். போன வருஷம் இதைப் பார்த்துவிட்டுக் கோவர்த்தனன் மண்டலக் கூட்டத்தில் புகழ்ந்தார். 'பூலாங்கண்டிகையில் ஹாஜர் பட்டியலே வேண்டாம். சுவரைப் பார்த்தால் போதும்.'

இந்த வருஷம் மேலிடத்து உத்தரவு வேறு. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, நாகலாபுரம் தெலுங்குப் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும். அறை ரேஷன் மூட்டைகளுக்கு. டீச்சர் உபரிப் பட்டியலில், சித்தூரில் எங்கேயோ.

எங்கே போட்டாலும் சம்பளம் வரும். அவளுக்கு அது கவலையில்லை. கணவன் சந்திரன் வேலை பார்த்த நூல் மில்லை மூடி ஆறு வருஷம். அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். மாதத்துக்கு ஒருமுறை வந்து, துணி துவைத்துக்கொண்டு போவார். மகன் முரளிதரன் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும், 'துன்னியாம்மா?' என்பான், 'துன்னேன்' என்பாள், வைத்துவிடுவான். நாகலாபுரத்து வாடகை அறையில் சாயந்திரம் தாழ்ப்பாள் போட்டால், மறுநாள் காலை வரைக்கும் வாயைத் திறக்கிற வேலையே இல்லை. அவள் பேசுவதெல்லாம் இந்த நாலு சுவருக்குள்தான். 'ஏய் உட்காரு', 'மூக்கைத் துடை', 'யார் கிள்ளினது?' இதெல்லாம் போய்விட்டால், பேச என்ன மிச்சம்?

"டீச்சர், இந்த மொட்ட சாக்பீசு எனக்கா?"

"நாளைக்கு எடுத்துக்கோ."

"இப்பவே குடுங்களேன்."

கொடுத்தாள். ரூபா அதைக் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"புதுக் கவுன் யாரு எடுத்தது?"

"நைனா. நேத்து சாயங்காலம் மெட்ராஸ்ல இருந்து வந்தாரு. பெரிய பை, டீச்சர்!"

வந்துவிட்டானா கன்னையா? இனிமேல் இங்கேதானே என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கேட்டால் பதில் ஒன்று வரும். மைதா பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே ஒட்டியிருந்த தோரணத்தையே மறுபடி ஒட்டினாள்.

மத்தியானம் இருவருமாக எலுமிச்சம்பழச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அப்புறம் டீச்சர் காவியைத் தண்ணீரில் குழைத்து, பழைய பேசின் ஒன்றில் ஊற்றினாள். ஒரு கையாவது இருக்கட்டும்.

"வா, வந்து உன் கைய வை."

"என்னுது அப்பறம். மொதல்ல வரிசப்படி வெக்கணும். முன்ன யாரு? பவன்குமாரு."

"பவன்குமார் வரலியே ரூபா."

"வரலன்னா இன்னா?" ரூபா கையைப் பேசினில் முக்கினாள். "போனவங்க கைய இருக்கிறவங்கதான் வெக்கணும். நைனா சூளையில இருந்தாரில்ல, ஜாத்திரைக்கு அவுரு கைய அம்மாதான் கோயில்ல வெச்சுது. அம்மா ரெண்டு கை வெச்சுது. ஒண்ணு அம்மாது, ஒண்ணு நைனாது."

டீச்சர் தடுப்பதற்குள் 'தப்' என்று முதல் கை விழுந்துவிட்டது.

"பவன்குமாரு இப்படித்தான் வெப்பான். அழுத்தி. செவுத்தத் தள்ளுற மாதிரி."

அது நிஜம்தான். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்தது பாபு. அவன் கட்டைவெரல மடக்கிக்குவான். காவி பட்டா அவங்கம்மா அடிக்குமாம்." கட்டைவிரலை மடக்கிக்கொண்டு வைத்தாள். "இது பத்மா. இவ ஒருவாட்டி வெச்சுட்டு, நல்லா வுழலன்னு மறுபடியும் மேலயே வெப்பா." தப், தப். பத்மாவதியின் கை இரண்டு கையாகத் தெரிந்தது.

"சண்முகம்?" என்று கேட்டாள் டீச்சர், தன்னை அறியாமல்.

"அவன் எங்க கை வெச்சான்? எச்சி துப்பிக்கினு நிப்பான். நீங்கதான் புடிச்சு வெப்பீங்க. புடிங்க டீச்சர்!"

டீச்சர் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். ரூபா சண்முகம் மாதிரியே முகத்தைக் கோணிக்கொண்டு, "வுடுங்க டீச்சர், கூசுது" என்றாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அறை முழுக்கச் சத்தம். ஒரு நிமிஷம், கோணிப்பை வரிசைகளில் எல்லாரும் இருப்பது போலத்தான் இருந்தது.

ஒவ்வொரு கை விழும்போதும் டீச்சர் கீழே பெயர் எழுதினாள். முதல் நாலு பெயர்கள் வரைக்கும் அது விளையாட்டு. ஐந்தாவது பெயரை எழுதும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோவர்த்தனன் மூன்றரை மணிக்கு வருவார். சுவரை எண்ணுவார். 'இப்பத்தான் சார் பிள்ளைங்களை விட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும். மனசு திக்கென்றது. ஆனால் எழுதிய கை நிற்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு... பதினொன்று.

வரிசைக் கடைசியில், எல்லாரையும் விடக் குள்ளமானவளுக்கு, ஒரு கை அளவு இடம். கீழே 'ரூபா' என்று எழுதினாள்.

"ம், உன்னுது?"

"அப்பறம் டீச்சர்."

அதற்குள் வெளியே ஸ்கூட்டர் சத்தம். மணி மூன்றேகால். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார் மனிதர்.

கோவர்த்தனன் புத்தூர்க்காரர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, தோரணங்களை அண்ணாந்து பார்த்தார்.

"பாக உந்தி! நல்லாருக்கு. கல்யாண வீடு மாதிரி பண்ணி வெச்சிருக்கியேம்மா. பிள்ளைங்க எங்க?"

"இப்பத்தான் சார்..." என்றாள் டீச்சர். மீதி வார்த்தை வரவில்லை.

அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்துகொண்டு சுவருக்குப் போனார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று வாய்விட்டே எண்ணினார். "பதினொண்ணு. பரவால்லியே! நாகலாபுரத்துல ஒருத்தன் சொன்னான், இந்தக் காலனியே காலி ஆயிட்டுதுன்னு. பேச்சுக்கு என்ன, எவன் வேணா பேசுவான்."

பேனா படிவத்தை நெருங்கியது. நெருங்கி, நின்றது.

அவர் குனிந்தார். முழங்காலில் கை ஊன்றி முதல் கையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். அப்படியே நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து பதினொன்றையும் பார்த்தார். கடைசிக் கையைத் தொட்டபோது விரலில் ஈரக் காவி ஒட்டியது.

பவன்குமார் அழுத்தி வைத்திருந்தான். பாபு கட்டைவிரலை மடக்கியிருந்தான். பத்மாவதி இரண்டு தடவை வைத்திருந்தாள். ஆனால் எல்லார் சுண்டுவிரலும் வெளிப்பக்கம் வளைந்து நின்றது.

டீச்சரும் அதை அப்போதுதான் பார்த்தாள்.

"இங்க வா பாப்பா. பேரு இன்னா?"

"ரூபா."

"கையக் காமி."

முழங்கை வரைக்கும் காவியாயிருந்த கையை ரூபா நீட்டினாள். அவர் அந்தச் சுண்டுவிரலை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"புத்தூர் கட்டா?"

"ஆமா சார். நானே அவுத்துட்டேன். அம்மா அடிச்சுது."

"அடிச்சது தப்பில்ல." அவர் நிமிர்ந்தார். பேனாவை மூடினார். ஓட்டுச் சந்தில் புறா ஒன்று முனகிக்கொண்டிருந்தது.

"சார், நான்..." என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லாதம்மா. நீ சொன்னா நான் எழுதணும்."

அவர் ஜன்னல் பக்கம் போய், வெளியே காலனியைப் பார்த்தபடி நின்றார். நாற்பது வீடுகளில் இரண்டில்தான் கூரைக்கு மேல் புகை தெரிந்தது.

"நான் சேர்ந்த புதுசுல இந்த மண்டலத்துல ஒன்பது தமிழ்ப் பள்ளிக்கூடம்" என்றார். "இப்ப நாலு. மூடின அஞ்சுக்கும் நான்தான் போய்ப் பூட்டு போட்டேன். சாவி வாங்கிக்கினு வரும்போது ஒரு டீச்சரும் பேசல. நானும் பேசல." சட்டென்று திரும்பினார். "இதோ பாரு. பதினொண்ணு, பன்னெண்டுன்னு நான் எழுத மாட்டேன். ஆனா பள்ளிக்கூடம் தொறந்திருக்கு. நிஜமா ஒரு பொண்ணு வந்திருக்கு. இன்னிக்கு அத எழுதறேன். மத்தவங்க ஊர்லேர்ந்து திரும்ப அவகாசம் வேணும்னு எழுதறேன். மாசக் கடைசியில மறுபடியும் வருவேன். இந்த ஒரு பொண்ணு இங்க உக்காந்திருக்கிற வரைக்கும், பூட்டு போடுன்னு என் பேனா எழுதாது. போதுமா?"

டீச்சருக்குக் கண் கலங்கியது. தலையை மட்டும் ஆட்டினாள். மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிறு மெட்ராஸ் போகலாம். கட்டடம் கட்டுகிற இடத்தைத் தேடிப் பிடித்துப் பேசலாம். கன்னையா வந்துவிட்டானே, அவனை விட்டே நாலு பேருக்குச் சொல்லி அனுப்பலாம்.

கோவர்த்தனன் படிவத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை மாட்டிக்கொண்டார். போகிற போக்கில் சுவரை இன்னொரு தடவை பார்த்தவர், கடைசியில் இருந்த வெற்றிடத்தின் முன் நின்றார்.

"ஏம்மா ரூபா, வராதவங்க கையெல்லாம் வெச்சியே. உன் பேருக்கு மேல மட்டும் காலியா கீதே?"

ரூபா பாக்கெட்டைத் தொட்டுச் சாக்பீஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"என்னுத டீச்சர்தான் சார் வெக்கணும், நாங்க நாளிக்குக் காத்தால மெட்ராஸ் போறோம்."